உறுப்புக் குறையும் தொழிலும்

எமது ஊராகிய விழிதியூர் காரைக்காலைச் சார்ந்த நெற்கழனிகளின் நடுவே அமைந்ததொரு சிற்றூர். குறுவைக்கு நாற்றுவிடும் பருவம் வந்துவிட்டால் இவ்வட்டாரத்துப் பம்புசெட்டுகள் இரவு பகலாக ஓடும். மின்சாரத்தின் வலி குறைந்த வேளையிலும் ஓடும். ஓடியோடி அவற்றின் மோட்டார்கள் எரியும். எரிந்த மோட்டார்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு உழவர் பலர் ஒரு கூரைவீட்டுத் திண்ணையை நாடிச் செல்வதை யாம் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றோம். அத்திண்ணையில் அமர்ந்து, எரிந்த கம்பியைக் களைந்து, புதிய செப்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டித் தருபவர் நாற்பது வயது கடந்த ஒருவர். குழந்தைப் பருவத்தே இளம்பிள்ளை வாதம் கண்டு வலக்கால் சூம்பிப் போனமையால், காலில் காலிப்பரும் கையிற் கோலும் கொண்டு நடப்பவர். இவர் ஒருகால் வேலை தேடிச் சென்ற வரலாறே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அதனை உரிய இடத்திற் கூறுவாம்.

உறுப்புக் குறையுடையாரைக் குறிக்க நம் மொழியில் வழங்கிய பெயர்கள் பல. குருடர், செவிடர், முடவர் எனக் குறையையே பெயராக்கி அழைத்தது பழைய வழக்கு. பின்னர் அங்கவீனர் என்றும் ஊனமுற்றோர் என்றும் கூறினர். இக்காலத்து அரசாங்க ஏடுகள் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதுகின்றன. பெயர் மாறியது நன்றே; ஆயினும் பலகையிற் பெயரை மாற்றி எழுதியவரெல்லாம் வாயிற்படியை மாற்றிக் கட்டினாரல்லர். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், பொறி இல்லாதிருத்தல் ஒருவற்கு இழிவாகாதெனவும் அறிவோடு கூடிய முயற்சி இல்லாமையே இழிவெனவும் கருத்துப்படக் கூறியுள்ளார். பொறி என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், முயலாதவனைக் கடிந்த அக்குறள், முயல வந்தவனுக்கு இடங்கொடாதவனைப் பற்றி யாதும் கூறிற்றில்லை. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அவ்விடங்கொடாதவனைப் பற்றியே.

2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இந்திய நாட்டில் உடலிலோ மனத்திலோ குறையுடையார் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். அவருள் ஏதேனும் ஒரு தொழில் செய்தோர் நூற்றுக்கு 36 பேர். ஆடவருள் 47, பெண்டிருள் 23. எஞ்சியோருள் சிறுவரும் முதியரும் அடங்குவரெனினும், வயதும் விருப்பமும் பயிற்சியும் இருந்தும் வாயிலிலேயே தடுக்கப்பட்டோர் சிலரல்லர். பெண்டிர் தொகை ஆடவர் தொகையிற் பாதிக்கும் குறைந்திருத்தல் நோக்கத்தக்கது. குறையுடைய மகனுக்கு ஒரு கைத்தொழில் கற்பிக்க எண்ணும் பெற்றோரும், குறையுடைய மகளை வீட்டினுள்ளே வைத்துக் காப்பதே அன்பு என்று கருதிவிடுகின்றனர்.

இப்பொருளைக் கற்பார்க்கு நம் தமிழகத்தில் வேலூர் ஒரு பாடசாலை எனலாம். பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர், கொல்லிமலையில் ஊழியம் புரிந்த பெற்றோர்க்கு 1914 ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1946 ஆம் ஆண்டில் அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு, செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி, பறவையின் கால்நகம்போல் வளைந்து கிடந்த கைகள் பலவற்றைக் கண்டார். அவற்றுள் ஒரு கையைத் தம் கையோடு கோத்து இறுகப் பற்றும்படி கேட்க, அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. செத்த கை என்று எல்லோரும் கைவிட்டதில் நல்ல தசைகள் சில உயிரோடிருந்தன. அத்தசைகளின் நாண்களை எடுத்து, செயலிழந்த தசைகளின் பணிக்கு மாற்றி இணைத்தால் விரல்கள் மீண்டும் விரியும் என்று அவர் துணிந்தார். துணிந்தவாறே விரிந்தன. அக்காலத்து வேலூர் மருத்துவமனையிலேயே தொழுநோயாளரைச் சேர்த்துக்கொள்ளத் தயக்கம் இருந்ததென்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

இதுகாறும் கூறியது மருத்துவம். இனிக் கூறுவதே எம் கட்டுரைக்கு உரியது. கை நேராகப் பெற்றுச் சென்றவர்களுள் ஒருவர் சின்னாள் கழித்துத் திரும்பி வந்து, இக்கைகள் பிச்சை எடுக்க உதவவில்லை என்று முறையிட்டாராம். வளைந்த கையை நீட்டியபோது காசு விழுந்தது. நேரான கையை நீட்டினால் ஒருவரும் இரங்கவில்லை. உழைத்து உண்ணலாமெனின், தழும்பைக் கண்டு வேலை கொடுப்பாரும் இல்லை. வீடு கொடுப்பாரும் இல்லை. கையைச் செப்பஞ் செய்த மருத்துவர் அக்கைக்கு உரிய வேலையையும் தேடவேண்டியவரானார். தொழில் கொடாத ஊரில் நோய் நீக்கம் பாதி வழியே நின்றுவிடும் என்பதை அவர் அம்முறையீட்டால் அறிந்தார்.

ஆதலின் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. சில குடிசைகளே, பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. அறுவை செய்துகொண்டவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் பயின்றனர். அங்குத்தான் எதிர்பாராத இடையூறொன்று தோன்றிற்று. தொழுநோயுற்ற கையில் உணர்ச்சி இராது. பிடியை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று நமக்கு உணர்த்துவது வலி. அவ்வலி அவர்களுக்கு இல்லை. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கமாட்டாது பிராண்டு இடர்ப்பட்டபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் முன்வந்து எளிதிற் சாவியைத் திருகினான் என்றும், பின்னர்ப் பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுண்டிருந்தது என்றும் அவரே எழுதியுள்ளார். வெறுங்கண்ணுக்கு அது வல்லமை. உண்மையில் அது காயம். தொழுநோயால் விரல்கள் தாமே உதிர்கின்றன என்று உலகம் நம்பிவந்தது. உணர்ச்சியற்ற விரல் தீயாலும் கருவியாலும் நாளும் புண்பட்டுக் குறைகிறது என்பதை அவரும் அவர்தம் குழுவினரும் தேர்ந்து கண்டனர். இரவில் உறங்குகையில் எலிகள் விரலைக் கடித்ததும் உண்டாம்; அதற்காகப் பூனைகள் வளர்க்கப்பட்டனவாம்.

இவ்விடையூற்றுக்கு அவர்கள் செய்த பரிகாரம் யாது? இக்கைகளுக்குத் தச்சு ஆகாது என்று தொழிலை நிறுத்தினாரல்லர். கருவியை ஆராய்ந்தனர். கைப்பிடி மெல்லியதாயின் அழுத்தம் ஓரிடத்தே குவியும், பருத்ததாயின் பரவும். ஆதலின் பிடிகளைப் பருமனாகவும் வழவழப்பாகவும் அமைத்தனர். அன்றாடம் வேலை முடிந்தபின் உள்ளங்கையைப் பார்த்துச் சிவந்த இடம் உளதாவென ஆராயும் வழக்கத்தையும் கற்பித்தனர். மனிதனைக் கருவிக்கு ஏற்ப வெட்டாமல், கருவியை மனிதனுக்கு ஏற்பச் செதுக்கினர். ஒரு பிடியைப் பருமனாக்க எத்துணைச் செலவு ஆகும்? ஒரு துண்டு மரமும் ஒரு நாழிகையுமே.

அதே வேலூரில் மற்றொரு வரலாறு. மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954 ஆம் ஆண்டில் ஒரு கார் விபத்திற் சிக்கி முதுகுத்தண்டு சிதைந்து இடைக்குக் கீழ் உணர்விழந்தார். (எம் காரைக்கால் பிரெஞ்சியர் ஆட்சியினின்று நீங்கியதும் அவ்வாண்டிலேதான்.) மருத்துவராகும் நாள் முடிந்ததென்றே அவர் கருதினார். ஆனால் கைகளில் அறுவை செய்வோர் பெரும்பாலும் உட்கார்ந்தே செய்வர். அதற்குக் கால் வேண்டுவதில்லை. கண்ணும் கையும் பொறுமையுமே வேண்டும். இதனை உணர்ந்து பிராண்டு ஊக்க, மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் செப்பஞ் செய்யலானார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று திரும்பி, வேலூரில் உடலியக்க மருத்துவத் துறைக்குத் தலைமை பூண்டார். அவர் முயற்சியால் 1966 ஆம் ஆண்டில் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986 இல் மறைந்தார்.

மேரி அம்மையாரின் மனவுறுதியைப் பாராட்டுவார் பலர். யாமும் பாராட்டுகின்றோம். எனினும் அவ்வரலாற்றில் மற்றொரு பாதியும் உண்டு. அவர் பணியாற்றிய நிலையம் அவருக்கு ஓய்வூதியம் அளித்து வழியனுப்பியிருக்கலாம். ஒருவரும் குறை கூறியிரார். அவ்வாறின்றி, அவர்பால் எஞ்சியிருந்த திறம் யாது, அதற்குப் பொருந்தும் பணி யாது என்று தேடிற்று. பணிக்காலத்தே குறையுற்ற ஊழியரை நீக்கலாகாது, பதவியிறக்கலும் ஆகாது என்று அரசாங்க அலுவலகங்களுக்கு நம் நாட்டுச் சட்டம் விதித்தது 1995 ஆம் ஆண்டிலே. வேலூர் அதனை நாற்பதாண்டுக்கு முன்னரே செய்துகாட்டியது.

வேலூருக்கு அண்மையிலுள்ள காட்பாடியில், 1963 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையால் ஒரு தொழிற்கூடம் தோன்றிற்று. இக்காலத்தே வொர்த் டிரஸ்ட் என வழங்குவது அதுவே. முதலில் தொழுநோய் நீங்கியவர்க்காகவும், பின்னர் ஏனைக் குறையுடையார்க்காகவும் நடந்து, இயந்திரப் பகுதிகளைக் கடைந்து தரும் பட்டறையாக வளர்ந்தது. பார்வையற்றோர் புள்ளியெழுத்து அச்சிடும் பெர்க்கின்ஸ் பிரெய்லர் என்னும் கருவியையும் அங்கே செய்து வந்துள்ளனர். கைகால் குறைந்தவர்கள் செய்து தரும் கருவியால் கண் குறைந்தவர்கள் எழுதுகின்றனர். இது கதையாகச் சொன்னால் நம்புதற்கு அரிது.

இவ்விடத்து ஒரு வினா எழும். குறையுடையார்க்கெனத் தனித் தொழிற்கூடம் அமைப்பது நன்றோ, எல்லோரும் தொழில் புரியும் இடத்தில் அவரையும் சேர்ப்பது நன்றோ? பிரிட்டன் நாட்டில் இவ்வினா நெடுங்காலம் வழக்கிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பியவர்கட்காக 1946 ஆம் ஆண்டு முதல் ரெம்ப்ளாய் என்னும் பெயரால் அங்கே தனித் தொழிற்சாலைகள் பல திறக்கப்பட்டன. பல்லாயிரவர் அவற்றாற் பிழைத்தனர். ஆனால் அவை பிறரோடு கலவாத தனியுலகமாகவும் ஆயின. 2013 ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தனவும் மூடப்பட்டன. மூடியபோது வேலையிழந்தவர்கள் பலர் கண்ணீர் விட்டனர். பொதுத் தொழிற்சாலைகளின் கதவு திறவாமுன் தனித் தொழிற்சாலையை மூடுவது கொடுமை என்பதே எம் கருத்து. தனிக்கூடம் ஒரு தங்குமடம், மடமே ஊராகிவிடலாகாது, ஊர் அமையுமுன் மடத்தை இடித்தலும் ஆகாது.

சட்டத்தின் வரலாறும் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1898 ஆம் ஆண்டு இயற்றிய தொழுநோயர் சட்டம், நோயுற்றோர் உணவுப்பொருள் விற்றலையும் வாடகை வண்டி ஓட்டுதலையும் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளுதலையும் தடுக்க இடந்தந்தது. அரசாங்கம் குறிக்கும் எத்தொழிலையும் அவர்க்கு விலக்கலாயிற்று. காரைக்கால் பிரெஞ்சியர்க்கு உட்பட்டிருந்தமையின் அச்சட்டம் அந்நாளில் இவ்வெல்லைக்குள் வரவில்லை. வழக்கமோ எந்த எல்லையையும் கேளாமல் வந்திருந்தது. வேலை செய்யாதே என்று கூறிய அச்சட்டம் நீக்கப்பட்டது 2016 ஆம் ஆண்டில். வேலை கொடு என்று கூறும் புதிய சட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிறந்ததும் அதே 2016 ஆம் ஆண்டில்.

இப்புதிய சட்டம் 21 வகைக் குறைகளை எண்ணுகின்றது. தொழுநோயினின்று நீங்கியோரும் அவற்றுள் அடங்குவர். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 ஒதுக்கியது. இது 4 ஆக உயர்த்தியது. நான்காவது பங்கு, மனவளர்ச்சிக் குறையும் மனநோயும் உடையோர் போன்ற, முன்னர் எண்ணப்படாதோர்க்கு உரியது. தனியார் நிலையங்களில் நூற்றுக்கு 5 பேரையேனும் சேர்க்கும்படி ஊக்கமளிக்கவும் அரசாங்கத்துக்கு வழிவகுத்துள்ளது. ஒவ்வொருவர்க்கும் வேண்டும் மாற்றங்களை, நிலையத்தால் தாங்கவியலாச் சுமையாகாத அளவில், செய்து தரல் வேண்டுமென்றும் கூறுகின்றது. பிராண்டு பிடியைப் பருமனாக்கியதற்குச் சட்டம் சூட்டிய பெயர் அது.

விகிதம் வகுத்தலாற் குறை தீர்ந்துவிடுமோ? பிரிட்டன் 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் நூற்றுக்கு 3 என விதித்தது. மேலும், மின்தூக்கி இயக்குதல், கார் நிறுத்துமிடம் காத்தல் என்னும் இரு வேலைகளைக் குறையுடையார்க்கே உரியவையாக்கியது. எத்துணைச் சிறிய கற்பனை! போர்க்களத்தில் பீரங்கி செலுத்தியவனுக்கு அரசாங்கம் கண்ட வேலை, பொத்தானை அழுத்துவது. நம் நாட்டிலும் இக்குற்றம் நிகழாமலில்லை. பார்வையற்றவர் என்றால் நாற்காலி பின்னட்டும். கால் குறைந்தவர் என்றால் தொலைபேசி அருகே அமரட்டும் என்று முன்னரே முடிவு செய்துவிடுகின்றோம்.

ஆளெடுக்கும்போது செய்யத்தக்கது யாதெனின், முதலில் வேலையைப் பிரித்துப் பார்த்தல். பண்டகசாலைக் கணக்கர் வேலை என்றால், அதில் எழுதுதல் உண்டு, எண்ணுதல் உண்டு, பொருளை அடையாளம் காணுதல் உண்டு. மூட்டை தூக்குதல் எப்போதோ ஒருமுறை. அவ்வொருமுறைக்காக விளம்பரத்தில் நல்ல உடற்கட்டு வேண்டும் என்று எழுதிவிட்டால், எண்ணவும் எழுதவும் வல்ல பலர் விண்ணப்பமே அனுப்பார். அடுத்து, சோதனை நடக்கும் இடம். மாடியில் நடத்தும் நேர்காணல், முதல் வினாவைப் படிக்கட்டே கேட்டுவிடுகின்றது. பார்வையற்றவர்க்கு எழுதுநர் வேண்டும். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால் அவர் கணினியிற் பிறரைப்போலவே வேலை செய்வார். மருத்துவர் தரும் சான்றிதழோ, ஒருவர்க்கு நூற்றுக்கு 40 குறை, 60 குறை என்று கூறுமேயன்றி, அவரால் எது ஆகும் என்பதைக் கூறாது. அதனை வேலையே கூறவேண்டும்.

சேர்த்துக்கொண்டபின் நிகழும் குறை வேறு. செவிப்புலன் இல்லாத ஒருவர் பட்டறையிற் குறைவற வேலை செய்வார். நண்பகல் உணவு வேளையில், பத்துப்பேர் நடுவே தனியாயிருப்பார். ஆபத்து மணிக்குப் பக்கத்தில் ஒரு சுடர்விளக்கை அமைப்பது முதலாளியின் கடன்; இருபது சைகைகளேனும் கற்றுக்கொள்வது உடன் உண்பவரின் கடன். முன்னதைச் சட்டத்தால் வாங்கலாம், பின்னதை வாங்கவியலாது. இரக்கத்தால் எளிய வேலையே கொடுத்து, பிழை கண்டும் திருத்தாது, பதவி உயர்வும் தராது வைத்திருத்தல் மற்றொரு தீங்கு. அவ்வாறு வைக்கப்பட்டவர் நாளடைவில் அந்நிலையத்தின் அலங்காரப் பொருளாகின்றார்.

இனி, எம் ஊரார் வரலாறு. ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன்னர், தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் வகுப்பில் நன்கு தேறிய அவர், ஒரு தொழிற்சாலையின் மின்பட்டறை வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் மாடியில். ஏறினார். படியேறுகையில் வலித்ததா என்பது முதல் வினா. நாளொன்றுக்கு எத்துணைத் தொலைவு நடக்கக் கூடும் என்பது இரண்டாவது. வீட்டில் துணைக்கு யார் உளர் என்பது மூன்றாவது. மோட்டாரைப் பற்றி ஒரு வினாவும் எழவில்லை. கனிவாகப் பேசித் தேநீர் அளித்து அனுப்பினர். அத்தேநீர் நன்றாயிருந்தது என்று அவர் இன்றும் கூறுவதுண்டு. சில ஆண்டுகள் கழித்து, இடைநின்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக அவர் திண்ணைக்கு வந்த மோட்டார்களுள், அத்தொழிற்சாலையின் எண் பொறித்தனவும் இருந்தன. காயில் கட்டிக் கொடுத்தார். கூலியிற் பாதி இடைநின்றவர்க்குப் போயிற்று.

யாம் இக்கட்டுரைக்காக அவரைக் கண்டு உசாவியபோது, அன்று அவர்கள் என்ன செய்திருத்தல் வேண்டும் என்று கேட்டோம். “எரிந்த மோட்டார் ஒன்றும் ஒரு பகற்பொழுதும் கொடுத்திருந்தாற் போதும்” என்றார். பின்னர்ச் சிறிது நேரம் வாளாவிருந்து, தாமும் அதே தவற்றைச் செய்யவிருந்ததாகக் கூறினார். சென்ற ஆண்டு, காது கேளாத மகனை ஒரு தாய் அழைத்து வந்து, தொழில் கற்பிக்க வேண்டினார். மோட்டார் ஓடும் ஒலியைக் கேட்டுத்தான் பேரிங் தேய்ந்ததா என்று அறியவேண்டும். திருப்புளியின் முனையை மோட்டார்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அத்தொழிலில் முதற்பாடம். இவனுக்கு எப்படி ஆகும் என்று எண்ணி, “வேறு தொழில் பாருங்கள், அம்மா” என்று சொல்ல வாயெடுத்தாராம். மாடியிற் குடித்த தேநீர் நினைவுக்கு வந்தது என்றார்.

யாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவ்விளைஞன், கட்டி முடித்த மோட்டார் ஒன்றை ஓட்டிப் பார்த்தான். உள்ளங்கையை அதன் உடல்மேல் பரப்பி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பின்னர் மோட்டாரை நிறுத்தி, பின்பக்கத்துப் பேரிங்கைச் சுட்டி விரலை அசைத்தான். கிழவர் ஒருவர் அவசரப்பட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். ஆசிரியர் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டார். மூடியைக் கழற்றும்படி சைகை செய்தார்.